பாட்டியின் பித்தளைத் தவலையை ஆன்லைனில் விற்கலாமா? பழம்பொருள் சந்தை எந்தப் பக்கம் போகிறது?

பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு பித்தளைத் தவலை கையில் கிடைக்கிறது. தூசியைத் துடைத்தால், கழுத்துப் பக்கம் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள். கொள்ளுப்பாட்டியின் பெயர், ஊரின் பெயர், பக்கத்தில் ஒரு வருடம். உடனே போனை எடுத்து ஒரு போட்டோ. கூகுள் லென்ஸில் போட்டால் 'விண்டேஜ் பிராஸ் பாட்' என்று வரிசையாக விளம்பரங்கள். ஒரு தளத்தில் சொல்லும் விலையைப் போல இன்னொரு தளத்தில் பத்து மடங்கு!

அம்மா, "பாத்திரக்கடையில எடைக்குப் போட்டுட்டு வேற ஏதாவது எடுத்துக்கலாம்" என்கிறார். ஃபிரெண்ட், "இன்ஸ்டால போடுடா, நல்ல ரேட்டு போகும்" என்கிறான். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவோ, "அதை எனக்குப் பார்சல் பண்ணிடு" என்று வாய்ஸ் நோட் அனுப்புகிறார்.

மூன்றில் எது சரி? மூன்றாவது யோசனை சிறைக்குக்கூடக் கொண்டுபோகலாம். முதல் யோசனையில் சட்டச் சிக்கல் இல்லை; ஆனால், போனது திரும்ப வராது. இரண்டாவதுதான் இனி பெரிதாக வளரப்போகிறது, அதன் விதிகளும் வேகமாக மாறிக்கொண்டிருக்கின்றன. கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எது பழம்பொருள்?

பழசு எல்லாம் 'ஆன்டிக்' கிடையாது. இந்தியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972. நடைமுறைக்கு வந்தது 1976 ஏப்ரலில். இந்தச் சட்டத்தின்படி குறைந்தது 100 ஆண்டுகள் பழமையான நாணயம், சிற்பம், ஓவியம், கல்வெட்டு, கைவினைப் பொருள், கட்டிடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பாகம் போன்றவை தொல்பொருட்கள். இலக்கிய, வரலாற்று, அறிவியல் மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி என்றால் 75 ஆண்டுகளே போதும்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்த 100 வருடக் கோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு வருடம் முன்னால் நகர்கிறது. சட்டம் வந்தபோது 1870-களின் பொருள்தான் தொல்பொருள். இப்போது 1920-களின் பொருட்கள் ஒவ்வொன்றாக அந்த வயதைத் தொடுகின்றன. அதாவது, அருங்காட்சியகத்தில் பார்க்கிற விஷயமாக இருந்தது, கொள்ளுப்பாட்டியின் கல்யாணச் சீர்வரிசைக்குள் நுழைந்துவிட்டது.

சந்தை போனுக்குள் வந்த கதை

பழம்பொருள் வாங்க வேண்டும் என்றால் முன்பு நேரில் போக வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அந்தக் கடைகளை இன்றும் பார்க்கலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குக் கதவு, தூண், ரவிவர்மா அச்சுப்படம், தஞ்சாவூர் ஓவியம், ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த எனாமல் பாத்திரம், மரவை, அஞ்சறைப் பெட்டி எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். பொருளைக் கையில் எடுக்கலாம், தட்டிப் பார்க்கலாம், பேரம் பேசலாம். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்கவும் செய்யலாம்.

1995-ல் அமெரிக்காவில் இபே தொடங்கப்பட்ட பிறகு இந்த உலகம் மாறியது. கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஒரு போட்டோ மட்டும் மிஞ்சியது. இந்தியாவில் 2000-ல் சாஃப்ரன்ஆர்ட் போன்ற ஏல நிறுவனங்கள் இணையம் வழியாகவே கலைப் பொருட்களை விற்க ஆரம்பித்தன. 2020-ல் கொரோனா வந்ததும் கடைசித் தயக்கமும் போனது. அந்த ஜூன் மாதம் சதபீஸ் நடத்திய நேரலை ஏலத்தில், ஏலம் விடுபவர் லண்டனில் நின்றுகொண்டிருந்தார். கேட்பவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். பிரான்சிஸ் பேக்கனின் ஓவியம் ஒன்று 8.4 கோடி டாலருக்கு மேல் போனது.

இன்று அதன் சின்ன வடிவம்தான் இன்ஸ்டாகிராமில் 'பிரைஸுக்கு டிஎம் பண்ணுங்க' என்று ஓடும் பக்கங்களும் வாட்ஸ்அப் ஏலக் குழுக்களும். வாங்குபவர்களில் நிறைய பேர் 20-களிலும் 30-களிலும் இருப்பவர்கள். புது ஃபிளாட்டின் ஹாலில் ஒரு பழைய குத்துவிளக்கு, ஒரு கூஜா இருந்தால் போதும் என்பது இவர்களின் கணக்கு.

போட்டோவை நம்பி வாங்கலாமா?

இபே வந்த புதிதில் தொல்லியல் ஆய்வாளர்கள் ரொம்பவே பயந்தார்கள். யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்றால், ஊர் ஊராகத் தோண்டி எடுத்து விற்க ஆரம்பித்துவிடுவார்களே என்பது அவர்கள் கவலை. ஆனால், தென் அமெரிக்காவில் நீண்ட காலம் ஆய்வு செய்த சார்லஸ் ஸ்டானிஷ், 2009-ல் எழுதிய கட்டுரையில் நடந்தது வேறு என்றார். தோண்டி எடுப்பதைவிடப் போலி செய்வது சுலபம், செலவும் குறைவு. அதனால் ஆன்லைன் சந்தை போலிகளால் நிரம்பிவிட்டது என்பது அவர் கவனித்தது.

இது இன்றும் பொருந்துகிறது. புதுப் பித்தளையை ஆசிட் வைத்துக் கறுக்கச் செய்வதும், மண்ணில் புதைத்து எடுப்பதும் பெரிய வித்தை இல்லை. போனில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. நேரில் எடை தெரியும், தேய்மானம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். பல வருடம் கை பட்ட பாத்திரம் கை படும் இடத்தில்தான் தேய்ந்திருக்கும். போலியில் எல்லா இடமும் ஒரே மாதிரி 'பழசாக' இருக்கும்.

இன்னொரு வகை மோசடியில் பொருளே தேவையில்லை. "டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டு இருக்கா? லட்சாதிபதி ஆகலாம்" என்ற வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. கிளிக் செய்தால், வாங்க ஆள் ரெடி. அதற்கு முன் 'பதிவுக் கட்டணம்', 'வரி', 'கமிஷன்' கட்டச் சொல்வார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டியே இந்த ஏமாற்று நடந்ததால், 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணய விற்பனையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இதற்கு ஒரு எளிய விதி: உங்கள் பொருளை வாங்குகிறேன் என்பவர் உங்களிடம் பணம் கேட்டால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீபுரந்தான் சொல்லித் தரும் பாடம்

போலிப் பொருளைவிட ஆபத்தானது போலிக் காகிதம். இதற்கு அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் சிலையைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

சோழர் காலத்துச் செப்புத் திருமேனி அது. கோயிலிலிருந்து திருடப்பட்டு, நியூயார்க்கில் கலைப்பொருள் கடை நடத்திய சுபாஷ் கபூர் வழியாக, 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது. சிலை அசல்தான். அதனுடன் வந்த ஆவணங்கள்தான் பொய். பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டது என்று காட்டும்படி காகிதங்கள் தயாரிக்கப்பட்டிருந்தன. ஏன் அப்படி? கலாச்சாரப் பொருட்களின் சட்டவிரோத வர்த்தகத்துக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை வந்தது 1970-ல். அதற்கும், 1972-ன் இந்தியச் சட்டத்துக்கும் முன்பே போன பொருள் என்றால் கேள்விகள் குறைவு.

இந்தப் பொய்யை உடைக்க உதவியது என்ன தெரியுமா? பழைய போட்டோக்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்தே தமிழகக் கோயில்களையும் சிலைகளையும் படமெடுத்துச் சேர்த்து வைத்திருந்தது. அந்தப் படங்களை அருங்காட்சியகத்தின் படத்துடன் ஒப்பிட்டபோது, 'எப்போதோ போய்விட்டது' என்ற சிலை கோயிலிலேயே இருந்தது தெரியவந்தது. எஸ்.விஜய்குமார் உள்ளிட்ட தன்னார்வலர்களின் 'இந்தியா பிரைடு புராஜெக்ட்' போன்ற முயற்சிகள், இணையத்தில் கிடைத்த ஏலப் பட்டியல் படங்களை வைத்தே இப்படிப் பல சிலைகளை அடையாளம் கண்டன. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் நடராஜரைக் கையோடு கொண்டுவந்து ஒப்படைத்தார். தமிழகக் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் கபூருக்கு 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

கவனியுங்கள்: திருட்டுப் பொருளை விற்க உதவிய அதே இணையம்தான், அதைக் காட்டிக்கொடுக்கவும் செய்தது. ஒரு பொருளின் படம் ஒருமுறை ஆன்லைனில் ஏறிவிட்டால் அது யார் கண்ணுக்கு வேண்டுமானாலும் படும்.

தளங்களும் நாடுகளும் கதவை இறுக்குகின்றன

'யார் வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும்' என்ற காலம் முடிந்துகொண்டிருக்கிறது. யானைத் தந்தப் பொருட்களின் விற்பனையை இபே 2009-லிருந்து தடை செய்தது. 2020 ஜூனில் ஃபேஸ்புக், தன் தளத்திலும் இன்ஸ்டாகிராமிலும் வரலாற்றுக் கலைப்பொருட்களை வாங்கவும் விற்கவும் தடை விதித்தது. சிரியா, இராக் போன்ற இடங்களில் கொள்ளையடிக்கப்பட்ட பொருட்கள் ஃபேஸ்புக் குழுக்களில் கைமாறுவதை ஆய்வாளர்கள் தொடர்ந்து அம்பலப்படுத்தியதே காரணம். ஆக, இன்ஸ்டாவில் பழைய சிலையைப் போட்டு 'ஃபார் சேல்' என்று எழுதினால், அந்தத் தளத்தின் விதியையே மீறுகிறீர்கள்.

நாடுகளும் இதே பாதையில் போகின்றன. அமெரிக்கா, 2021-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் மூலம் தொல்பொருள் வியாபாரிகளைப் பணமோசடித் தடுப்பு விதிகளுக்குள் கொண்டுவந்தது. 2024 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் கலாச்சாரச் சொத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் புதிய இறக்குமதி விதி அமலில் இருக்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே உருவான, 250 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அகழ்வுப் பொருள் என்றால் இறக்குமதி உரிமம் வேண்டும். வேறு பல வகைகளில், 200 ஆண்டுகளுக்கு மேல் பழமையும் 18,000 யூரோவோ அதற்கு மேலோ மதிப்பும் இருந்தால், அது முறைப்படி வெளியேறிய பொருள் என்று இறக்குமதி செய்பவர் உறுதிமொழி தர வேண்டும்.

காகிதம் சரியாக இருந்தாலும் கேள்வி வராது என்று சொல்ல முடியாது. 1898-ல் உத்தரப் பிரதேசத்தின் பிப்ரவாவில் புத்தரின் அஸ்தியுடன் கிடைத்த ரத்தினங்களின் ஒரு பகுதி, அதைத் தோண்டிய ஆங்கிலேயரின் குடும்பத்திடமே தலைமுறைகளாக இருந்தது. எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்பதில் மர்மமே இல்லை. ஆனாலும் 2025 மே மாதம் சதபீஸ் அவற்றை ஹாங்காங்கில் ஏலம் விட அறிவித்தபோது, இந்திய அரசு நோட்டீஸ் அனுப்ப, ஏலம் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு கோத்ரெஜ் குழுமம் வாங்கி, ஜூலையில் அவை இந்தியா வந்து சேர்ந்தன. 'இது அசலா?' என்பதோடு, 'இதை விற்கலாமா?' என்ற கேள்வியும் சந்தைக்குள் வந்துவிட்டது.

ஏஐ வந்தால் என்ன ஆகும்?

இரண்டு பக்கமும் கூரான கத்திதான். ஒரு பக்கம், படத்தை வைத்துத் தேடும் வசதி பெருகுகிறது. இன்டர்போல் 2021-ல் 'ஐடி-ஆர்ட்' என்ற இலவச ஆப்பை வெளியிட்டது. ஒரு பொருளைப் படமெடுத்தால், திருடுபோனதாகப் பதிவான 50,000-க்கும் மேற்பட்ட பொருட்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வீட்டிலுள்ள பொருட்களின் பட்டியலையும் அதில் சேமித்து வைக்கலாம். ஒரு காலத்தில் நிபுணர் ஒருவர் மாதக்கணக்கில் செய்த வேலையின் முதல் கட்டம் இன்று சில நொடிகள்.

இன்னொரு பக்கம், 1950-ல் எழுதியது போன்ற ஒரு கடிதம், மங்கலான பழைய ரசீது, கறுப்பு-வெள்ளைக் குடும்பப் படம் எல்லாவற்றையும் ஏஐ மூலம் நிமிடத்தில் உருவாக்கிவிடலாம். கபூர் காலத்தில் பொய் ஆவணம் தயாரிக்க ஆள் தேவைப்பட்டது. இனி போன் போதும். எனவே 'ரசீது இருக்கு சார்' என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அதற்கு மதிப்பு குறைந்துகொண்டே போகும். அரசுப் பதிவுச் சான்று, பழைய ஏலப் பட்டியல், நூலகத்தில் இருக்கும் புத்தகத்தில் வந்த படம் என, வேறொரு இடத்தில் போய்ச் சரிபார்க்க முடிகிற ஆதாரத்துக்கே மதிப்பு ஏறும்.

நம்ம ஊர் சட்டம் ரெடியா?

1972-ன் சட்டம் இணையம் என்பதே இல்லாத காலத்தில் எழுதப்பட்டது. ஆனால், ஆன்லைனுக்கும் அது பொருந்தும். முக்கியமான நான்கு விஷயங்கள் மட்டும் இங்கே:

1. ஏற்றுமதி கூடாது: தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பரிசாகக் கொடுத்தாலும், கூரியரில் அனுப்பினாலும் ஏற்றுமதிதான். குறைந்தது 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சித்தப்பாவின் வாய்ஸ் நோட் இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது. பொருள் 100 வயதைத் தொடவில்லை என்றால், தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று வாங்கி அனுப்பலாம். சுவாமிமலையில் இப்போது வார்த்த புதுச் சிலைக்குக்கூட வெளிநாடு போகும்போது இந்தச் சான்று கேட்கப்படுகிறது.

2. வியாபாரம் என்றால் லைசென்ஸ்: தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். இன்ஸ்டா பக்கம் என்பதால் விலக்கு கிடையாது.

3. சில வகைகளுக்குப் பதிவு கட்டாயம்: கல், உலோகம், சுடுமண், மரம், தந்தம் ஆகியவற்றில் செய்த பழைய சிற்பங்கள், ஓவியங்கள், படங்கள் உள்ள சுவடிகள் ஆகியவற்றைப் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். தவலை, அண்டா, கூஜா இந்தப் பட்டியலில் வராது. பூஜை அறையில் இருக்கும் 100 வயது தாண்டிய சிலை வரும்.

4. தந்தமும் புதையலும்: யானைத் தந்தப் பொருளை எவ்வளவு பழசானாலும் விற்க முடியாது, அதற்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ன் புதையல் சட்டம். அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த காசுப் பானையை ஆன்லைனில் போடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

இந்தச் சட்டம் ரொம்பக் கடுமையானது, அதனாலேயே பலர் பதிவு செய்யாமல் ஒளித்து வைக்கிறார்கள் என்று சேகரிப்பாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். 2017-ல் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. உள்நாட்டு விற்பனைக்கு லைசென்ஸ் முறையை நீக்குவது அதன் முக்கிய யோசனை. தளர்த்தினால் நேர்மையான வியாபாரம் வெளிச்சத்துக்கு வரும் என்றது ஒரு தரப்பு. திருட்டுப் பொருளுக்கும் கதவு திறக்கும் என்றது மறுதரப்பு. அது சட்டமாகவில்லை. ஆன்லைன் விற்பனைக்குத் தெளிவான, எளிய பதிவுமுறை வரும்வரை இந்தக் குழப்பம் தொடரும்.

சரி, வீட்டில் இருந்தால் என்ன செய்வது?

* முதலில் பாலிஷ் போடாதீர்கள். பளபளப்புக்காக மெஷினில் பஃபிங் கொடுத்தால் பழமையின் நிறமும் போகும், வெட்டிய எழுத்தும் தேயும். சேகரிப்பவர்கள் தேடுவதே அந்த இரண்டையும்தான்.

* படமெடுங்கள். முன், பின், அடிப்பகுதி, எழுத்து, உடைசல் எல்லாவற்றையும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து அளவு தெரிகிற மாதிரி எடுங்கள். எடையையும் குறித்து வையுங்கள்.

* பெரியவர்களிடம் கேளுங்கள். யாருடையது, எந்தக் கல்யாணத்தில் வந்தது, எந்த ஊர்க் கடையில் வாங்கியது என்பதைத் தேதியுடன் போனில் பதிவு செய்யுங்கள். பழைய குடும்பப் போட்டோவில் அந்தப் பொருள் தெரிந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

* கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். இபே போன்ற தளங்களில் ஏற்கனவே விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. ஏல நிறுவனங்களும் பழைய முடிவுகளை வெளியிடுகின்றன.

* வாங்குபவராக இருந்தால் ஒரே கேள்வி: 'இதற்கு முன் யாரிடம் இருந்தது?' சாமி சிலைக்கு இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுங்கள். தமிழகத்தில் 1983-லிருந்து சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு என்று தனிக் காவல் பிரிவே இயங்குகிறது.

பெயர் வெட்டிய பாத்திரம்

பழம்பொருளை விற்கும் இடம் மாறலாம். கடை போய் தளம் வந்தது, தளம் போய் வேறொன்று வரலாம். ஆனால் ஸ்ரீபுரந்தான் முதல் பிப்ரவா வரை எல்லாக் கதையிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: இது யாருடையது, எப்படி இங்கே வந்தது? இனி விலையைத் தீர்மானிக்கப்போவதும், விற்க முடியுமா என்று முடிவு செய்யப்போவதும் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

தமிழ்நாட்டு வீடுகளில் அந்தப் பதிலை எழுதி வைக்கும் பழக்கம் எப்போதோ வந்துவிட்டது. பாத்திரம் வாங்கினால் அங்கேயே உட்கார்ந்து பெயர் வெட்டித் தரச் சொல்வார்கள். யார் கொடுத்தது, யாருக்கு, எந்த ஊர், எந்த வருடம். தெருவில் நாலு வீட்டுப் பாத்திரம் கலந்துபோனாலும் நம்முடையது எது என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது. இன்று உலகச் சந்தை காசு கொடுத்துத் தேடுகிற சான்று அதுதான்.

எடைக்குப் போட்டால் முதலில் அழிவதும் அதுதான். பாத்திரக்கடைத் தராசுக்கு எழுத்து தெரியாது. பித்தளை எத்தனை கிலோ என்று மட்டும்தான் தெரியும். எனவே அந்தத் தவலையை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். அதற்கு முன் கழுத்தில் இருக்கும் பெயரை ஒருமுறை படித்து, அது யார் என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.